அம்பத்தூர் செட்டரும் டூம் லாஞ்சரும்

முப்பது ஆண்டுகளைத் தாண்டிய ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. அதைத் திறந்துவிட ஒரு குட்டி மென்பொருள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அதற்குள் ஒரு தொழில் பாடம் காத்திருக்கிறது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும்: 'சி.என்.சி. செட்டர், ஆபரேட்டர் உடனே தேவை.' வெளியூர்க்காரருக்கு இரண்டும் ஒரே வேலை போலத் தெரியும். பேட்டையில் வேலை பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும். ஆபரேட்டர், கம்ப்யூட்டர் கட்டளைப்படி ஓடும் சி.என்.சி. மெஷினில் ஜாபை, அதாவது வெட்ட வேண்டிய துண்டை, மாட்டுவார், கதவைச் சாத்துவார், பச்சை பட்டனை அழுத்துவார். அந்தப் பட்டனுக்கு முன்னால் நடக்க வேண்டியதெல்லாம் செட்டர் வேலை. டிராயிங்கைப் படிப்பது, சரியான புரோகிராமை ஏற்றுவது, டர்ரெட்டில் டூல்களை வரிசைப்படி மாட்டுவது, ஆஃப்செட் கொடுப்பது, முதல் பீஸை ஓட்டி அளந்து பார்ப்பது. ஆபரேட்டராகச் சேர்ந்தவர் செட்டர் ஆனால் சம்பளம் கூடும். அதைவிடப் பெரிய லாபம், மெஷின் ஏன் அப்படி ஓடுகிறது என்ற சூட்சுமம் அவர் கைக்கு வந்துவிடும்.

கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிய கட்டுரையைச் செட்டரில் தொடங்கக் காரணம் இருக்கிறது. என் அக்கா வீட்டுக்காரர் இருபது வருஷமாகப் பேட்டையில் செட்டர். இந்தக் கட்டுரையின் சாரம் அவர் வாயிலிருந்து வந்ததுதான்.

பருத்திப்பட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில், பருத்திப்பட்டில் அக்கா வீடு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். பாலிடெக்னிக் முதலாண்டு படிக்கும் அக்கா மகன், என்னைப் பார்த்ததும் ஒரு பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவனுடைய பெரியப்பா மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. பரணில் கிடந்ததை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறான்.

"மாமா, டூம் இறக்கினேன். தனியா ஒரு மேப்பும் இறக்கினேன். ஆனா ஓபன் பண்ணா பழைய மேப்தான் வருது, புதுசு வரவே மாட்டேங்குது."

பார்த்தேன். விளையாட்டை ஓட்டும் இன்ஜின் ஒரு ஃபோல்டரில் கிடந்தது. 'ஃப்ரீடூம்' என்ற இலவசத் தரவுக் கோப்பு இன்னொன்றில். எங்கோ ஒரு ரசிகர் உருவாக்கிய மேப் மூன்றாவதில். மேப்பை டபுள் கிளிக் செய்தால், எதைக் கொண்டு திறப்பது என்று விண்டோஸ் கேட்டது. இன்ஜினை டபுள் கிளிக் செய்தால் விளையாட்டு வந்தது, மேப் வரவில்லை. மூன்றையும் கோத்துக் கொடுக்க ஆள் இல்லை என்பதுதான் சிக்கல்.

அந்த ஆள்தான் லாஞ்சர். டூம் விளையாடுபவர்களிடையே இஸட்.டி.எல்., டூம் லாஞ்சர், டூம் ரன்னர் என்று பல லாஞ்சர்கள் புழக்கத்தில் உள்ளன. எல்லாம் இலவசம். ஒன்றை இறக்கித் திறந்தோம். பகட்டில்லாத ஒரு ஜன்னல், அதில் நாலைந்து கட்டங்கள். எந்த இன்ஜின்? எந்த மூலத் தரவு? கூடுதலாக எந்தெந்தக் கோப்புகள்? எந்த மேப்பில் தொடங்க வேண்டும்? எவ்வளவு கடினம்? எல்லாம் நிரப்பிய பின் அழுத்த ஒரு பட்டன்.

நிரப்பினோம், அழுத்தினோம். மறுபடியும் பழைய மேப்தான் வந்தது.

அக்கா வீட்டுக்காரர் காபி டம்ளரோடு பின்னால் வந்து நின்றிருந்தார். "என்னடா இது, எங்க செட்டிங் ஷீட் மாதிரியே இருக்கு" என்றார். "மெஷின் இது, புரோகிராம் இது, டூல் லிஸ்ட் இது. எல்லாம் சரி, டிராயிங் எங்க?"

மேப்போடு சேர்ந்து வந்த டெக்ஸ்ட் கோப்பை அதுவரை நாங்கள் திறக்கவே இல்லை. திறந்தோம். எந்த கேமுக்கான மேப் என்ற வரிக்கு நேராக 'டூம் 2' என்று இருந்தது. அங்கேதான் கோளாறு. முதல் டூமில் மேப்புகளுக்கு 'இ1எம்1' என்பது போலப் பெயர் இருக்கும். எபிசோட் 1, மேப் 1 என்று பொருள். டூம் இரண்டில் எபிசோட் கிடையாது, 'மேப் 01' என்று நேராக எண்கள். அக்கா மகன் எடுத்து வைத்திருந்தது முதல் டூமுக்கு ஈடான ஃப்ரீடூம் முதல் பாகம். புது மேப் உள்ளே ஏறித்தான் இருந்தது, அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. மூலத் தரவை இரண்டாம் பாகத்துக்கு மாற்றிப் பட்டனை அழுத்தினோம். மேப் வந்து நின்றது.

"டிராயிங் படிக்காம ஜாப் ஏத்தக் கூடாதுடா" என்றார் அப்பா, மகன் முதுகில் தட்டி.

பிரித்து வைத்த புத்திசாலித்தனம்

டூம் வெளிவந்தது 1993 டிசம்பர் 10 அன்று. அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம், அதன் முதல் எபிசோடை விஸ்கான்சின் பல்கலைக்கழக சர்வரில் இலவசமாக ஏற்றியது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியதோ 1995 ஆகஸ்ட் 15. டூம் ஓடுவதற்கு 386 ரகப் பிராசஸரும் 4 எம்.பி. மெமரியும் போதும். திரையில் தெரிந்த படம் 320க்கு 200 புள்ளிகள். அந்தச் சின்னச் சட்டத்துக்குள் நம் கண்ணால் பார்ப்பது போலவே நடந்து, ஓடி, சுடலாம். ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர் என்ற விளையாட்டு வகையை உலகமே அறியச் செய்தது அதுதான்.

இன்ஜினை எழுதியவர் ஜான் கார்மக். முதல் எபிசோடின் மேப்புகளில் பெரும்பாலானவற்றை வடிவமைத்தவர் ஜான் ரொமேரோ. அவர்களுடைய முந்தைய விளையாட்டான 'உல்ஃபென்ஸ்டைன் 3டி' 1992இல் வந்தபோது ரசிகர்கள் அதை உடைத்துத் திறந்து, உள்ளே இருந்த படங்களின் மேல் தங்கள் படங்களைப் போட்டு எழுதினார்கள். அப்படிச் செய்தால் மூலக் கோப்பு பாழாகும். கார்மக் அதைத் திருட்டாகப் பார்க்கவில்லை, ரசிகர்களின் விருப்பமாகப் பார்த்தார். டூமை எழுதும்போதே இன்ஜினைத் தனியாகவும் மேப், படம், ஒலி ஆகியவற்றைத் தனியாகவும் பிரித்து வைத்தார். அந்தத் தரவு மூட்டைக்கு 'வேட்' என்று பெயர். 'எல்லாத் தரவும் எங்கே?' என்று கேட்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை.

வேட் கோப்பு ஒன்றை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்தால் அதன் தலைப்பகுதி மொத்தமே 12 பைட். முதல் நான்கு பைட்டில் 'ஐவேட்' அல்லது 'பிவேட்' என்ற சொல் எழுதியிருக்கும். அடுத்த நான்கில் உள்ளே எத்தனை பொருள் என்ற எண்ணிக்கை, கடைசி நான்கில் பொருளடக்கம் எந்த இடத்தில் என்ற குறிப்பு. ஐவேட் என்றால் விளையாட்டின் மூலத் தரவு. பிவேட் என்றால் அதன் மேல் ஏற்றும் ஒட்டு. முதலெழுத்து ஒன்றே முழு வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறது. மூலத் தரவைத் தொடாமல், மேலே ஒட்டைப் போட்டு விளையாடலாம். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். மெஷினில் ஜாபைப் பிடித்திருக்கும் 'சக்'கை மாற்றாமல் ஜாபை மட்டும் மாற்றுவது போல.

இதற்கான கட்டளையை டாஸ் காலத்தில் கையால்தான் அடிக்க வேண்டும். ஹைஃபன் போட்டு 'ஃபைல்' என்று எழுதி மேப்பின் பெயர், ஹைஃபன் போட்டு 'ஸ்கில்' என்று எழுதி ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண், ஹைஃபன் போட்டு 'வார்ப்' என்று எழுதி மேப் எண். ஓர் எழுத்து தவறினால் ஓடாது. லாஞ்சர் செய்வதெல்லாம் நாம் கட்டங்களில் நிரப்பியதை அந்த ஒற்றை வரியாக எழுதி இன்ஜினிடம் கொடுப்பதுதான். அதில் மாயம் எதுவும் இல்லை. கட்டளை வரியைக் காட்டச் சொன்னால் பல லாஞ்சர்கள் அப்படியே காட்டும். பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது அந்த வரியைத்தான்.

அதில் இன்னொரு பாடமும் உண்டு. கூடுதல் கோப்புகளை எந்த வரிசையில் அடுக்குகிறோமோ அந்த வரிசையில் இன்ஜின் அவற்றைப் படிக்கும். இரண்டு கோப்புகள் ஒரே சுவர்ப் படத்தை மாற்றினால் பின்னால் வந்ததே நிற்கும். அக்கா மகன் இரண்டு 'மாட்'களை, அதாவது விளையாட்டை மாற்றும் ஒட்டுகளை, போட்டு, துப்பாக்கி ஒன்று மாறவில்லையே என்று குழம்பினான். வரிசையை மேலும் கீழும் மாற்றிப் பார்த்தவுடன் அவனுக்கே விளங்கியது. எந்தக் கல்லூரிப் புத்தகமும் அரை மணி நேரத்தில் இதை இப்படிப் புரியவைத்துவிடாது.

ஓ.டி. பிரவுசிங் சென்டரில் பார்த்த வரி

லாஞ்சர் எழுதும் அந்த ஒற்றை வரியின் வேலை எனக்குப் புரிந்த இடம் வேறு. 2004 வாக்கில் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். பத்து கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு, எல்லாவற்றையும் இணைத்த லேன் கேபிள். பள்ளி விட்டால் அங்கேதான். விளையாடியது 'கவுண்டர் ஸ்ட்ரைக்'. ஒரு நாள் வைரஸ் புகுந்து டெஸ்க்டாப்பில் இருந்த ஐகான்களெல்லாம் போய்விட்டன. "அண்ணா, கேம் போச்சு" என்று கத்தினோம். சென்டர் அண்ணா பதறவில்லை. ஃபோல்டருக்குள் போய் 'ஹெச்.எல்.' என்ற கோப்புக்கு ஒரு ஷார்ட்கட் எடுத்தார். அதன் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, வரியின் கடைசியில் ஹைஃபன், 'கேம்', ஓர் இடைவெளி, 'ஸீஸ்ட்ரைக்' என்று அடித்தார். டபுள் கிளிக் செய்தார். விளையாட்டு வந்துவிட்டது.

ஹெச்.எல். என்றால் 'ஹாஃப் லைஃப்', 1998இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட வேறொரு விளையாட்டு. நாங்கள் மாலை முழுக்க விளையாடிய கவுண்டர் ஸ்ட்ரைக், அதன் மேல் ஏற்றிய ஒட்டு. மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 1999இல் ஓய்வு நேரத்தில் உருவாக்கியது. வால்வ் அதை விலைக்கு வாங்கி 2000இல் கடைக்குக் கொண்டுவந்தது. ஹாஃப் லைஃபின் இன்ஜினோ ஐடி சாஃப்ட்வேரின் 'குவேக்' இன்ஜினிலிருந்து வளர்ந்தது. அண்ணா அடித்த 'கேம்' என்ற கட்டளையும் குவேக்கிலிருந்தே வந்தது. அம்பத்தூர் மாடியில் நான் பார்த்த ஒரு வரிக்குப் பின்னால், இன்ஜினையும் தரவையும் பிரித்து வைக்கக் கார்மக் எடுத்த முடிவு இருந்தது. அதை அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

விளையாடியவர்கள் செய்தவர்களானார்கள்

இன்ஜினும் தரவும் பிரிந்திருந்ததால் உலகம் முழுக்க ரசிகர்கள் மேப் வரையத் தொடங்கினார்கள். டாரியோ, மைலோ என்ற கசாலி சகோதரர்கள் வரைந்த மேப்புகளைப் பார்த்த ஐடி சாஃப்ட்வேர் அவர்களையே கூப்பிட்டது. ஏறக்குறைய நான்கு மாதத்தில் அவர்கள் 32 மேப்புகளை முடித்துக் கொடுத்தார்கள். 1996இல் வெளிவந்த 'ஃபைனல் டூம்' பெட்டியில் அது பாதி. மறுபாதி, 'டீம் டி.என்.டி.' என்ற ரசிகர் குழு இலவசமாக வெளியிடத் தயாராக வைத்திருந்த மேப்புகள். அவற்றையும் நிறுவனம் விலை கொடுத்து வாங்கியது. கவுண்டர் ஸ்ட்ரைக்கில் நம் ஊர்ப் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்லும் 'டஸ்ட் 2' மேப்பை வரைந்தவரும் டேவ் ஜான்ஸ்டன் என்ற பிரிட்டிஷ் இளைஞர்தான். இவர்களெல்லாம் பட்டனை அழுத்துவதோடு நின்றவர்கள் இல்லை.

டூமைச் செய்தவரே பிற்பாடு ரசிகர்களின் வழிக்கு வந்தார். ரொமேரோ 2019இல் 'ஸிஜில்' என்ற புது எபிசோடை ஒரு வேட் கோப்பாக இலவசமாகக் கொடுத்தார். இருபத்தைந்து வருஷம் கழித்தும் பழைய இன்ஜினின் வழிவந்த இன்ஜின்கள் அதை ஏற்றுக்கொண்டன.

ஃபோன் விளையாட்டுகளில் இப்படி உள்ளே போகக் கதவு இல்லை. ஐகானைத் தொட்டால் திறக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாது. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைலை மத்திய அரசு தடை செய்தது. அக்டோபர் 30இல் இந்தியாவுக்கான சர்வர் நின்றது. தடை சரியா தவறா என்பது தனி விவாதம். அன்று இரவு பிள்ளைகள் கையில் ஒரு கோப்புகூட மிஞ்சவில்லை என்பதே நான் சொல்ல வருவது. 1993இன் வேட் கோப்பு இன்றும் திறக்கிறது, அதுவும் பரணிலிருந்து இறக்கிய லேப்டாப்பில்.

சட்டமும் பெற்றோர் கவலையும்

பிரவுசிங் சென்டர் நாட்களில் நாங்கள் விளையாடியது காசு கொடுத்து வாங்கிய நகல் இல்லை. அந்தப் பழக்கம் பிள்ளைகளுக்கு வேண்டாம். தேவையும் இல்லை. கார்மக் 1997 டிசம்பர் 23 அன்று டூம் இன்ஜினின் மூல நிரலை வெளியிட்டார். டாஸ் பதிப்பின் ஒலிப் பகுதி வேறொருவருக்குச் சொந்தமானது என்பதால், வெளியானது லினக்ஸ் பதிப்பின் நிரல். 1999இல் அது ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் வந்தது. ஜி.இஸட்.டூம், க்ரிஸ்பி டூம், சாக்லேட் டூம் என்று இன்றைய கம்ப்யூட்டர்களில் ஓடும் இன்ஜின்களெல்லாம் அந்த நிரலின் பிள்ளைகள்.

இன்ஜின் இலவசம் ஆனாலும் டூமின் படம், ஒலி, மேப் ஆகியவற்றுக்கு இன்றும் உரிமையாளர் உண்டு. அதற்காகவே தன்னார்வலர்கள் அத்தனையையும் புதிதாக வரைந்து ஃப்ரீடூமை உருவாக்கினார்கள். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். திருட்டு நகலுக்கு வேலையே இல்லை.

இது சுடும் விளையாட்டு, ரத்தம் உண்டு. அமெரிக்க மதிப்பீட்டு வாரியம் டூமை 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று வகைப்படுத்தியிருக்கிறது. அதை மதிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதற்கும் ஒரு வழி இருக்கிறது. 1996இல் அமெரிக்காவில் காலை உணவு தானியப் பெட்டிக்குள் ஒரு சி.டி.யை இலவசமாக வைத்துக் கொடுத்தார்கள். அதே டூம் இன்ஜின், ஆனால் ரத்தம் இல்லை, சாவு இல்லை. எதிரே வரும் பச்சைப் பிராணிகளை அவற்றின் சொந்த உலகத்துக்கே திருப்பி அனுப்புவதுதான் விளையாட்டு. தரவை மாற்றினால் அதே மெஷினில் வேறு சரக்கு வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பெட்டிச் செய்தி: தொடங்குவது எப்படி?

1. இன்ஜின், ஃப்ரீடூம், லாஞ்சர் மூன்றையும் அவற்றை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வேறெங்கோ கிடைக்கும் நிரலில் வைரஸ் இருக்கலாம்.

2. ஜி.இஸட்.டூமுக்குப் புதிய கிராஃபிக்ஸ் வசதி வேண்டும். பழைய லேப்டாப் திணறினால் க்ரிஸ்பி டூம் போன்ற எளிய இன்ஜினுக்கு மாறுங்கள்.

3. லாஞ்சரில் முதலில் இன்ஜின் இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். பிறகு ஃப்ரீடூமின் இரண்டு பாகங்களையும் மூலத் தரவாகச் சேருங்கள்.

4. ஒட்டு எதுவும் போடாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இதுதான் டிரையல் பீஸ். ஐவேட் கிடைக்கவில்லை என்று இன்ஜின் சொன்னால் மூன்றாம் படியில் தவறு இருக்கிறது.

5. மேப்போடு வரும் டெக்ஸ்ட் கோப்பைப் படியுங்கள். எந்த விளையாட்டு, எந்த இன்ஜின், எந்த மேப் எண் என்று அதில் இருக்கும்.

6. மாட்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஐந்தை ஒரேயடியாக ஏற்றினால் எது கோளாறு என்று தெரியாது. நன்றாக ஓடும் அமைப்பைப் பெயர் வைத்துச் சேமியுங்கள்.

7. பழகிய பின் ஸ்லேட், அல்டிமேட் டூம் பில்டர் போன்ற எடிட்டரைத் திறந்து ஒரே ஓர் அறை வரையுங்கள்.

228 பைட்டில் ஒரு கூடம்

அக்கா மகன் ஏழாம் படிக்கு வந்துவிட்டான். அவன் வரைந்த முதல் அறை அவர்கள் வீட்டுக் கூடம். நாலு மூலை, நாலு சுவர். டூமின் பழைய வடிவத்தில் ஒரு மூலைக்கு 4 பைட், ஒரு கோட்டுக்கு 14, கோட்டின் ஒரு பக்கத்துக்கு 30, தரையும் கூரையும் சேர்ந்த பரப்புக்கு 26, ஆள் நிற்கும் இடத்துக்கு 10. மொத்தம் 228. இன்ஜின் வேகமாக வரைவதற்காகக் கணக்கிட்டு வைக்கும் அட்டவணைகள் தனி. யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகும். அவன் வீட்டுக் கூடம் 76 குறிகள் எழுதும் இடத்தில் அடங்கிவிட்டது. அதை அவன் காகிதத்தில் கூட்டிப் பார்த்த விதத்தைப் பார்த்து, அக்கா வீட்டுக்காரர் தன் டைரியில் இருந்த ஒரு டிராயிங்கை எடுத்துக் கொடுத்தார். எக்ஸ், ஒய் என்று இரண்டிலும் அதே அச்சுகள்தான்.

அவன் கையில் இருக்கும் லேப்டாப்பைக் கொடுத்த இலவச லேப்டாப் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது 2011 செப்டம்பர் 15 அன்று, இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில். முதல் கட்ட லேப்டாப்புகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அவற்றில் பல இன்று பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடக்கின்றன. 4 எம்.பி. மெமரியில் ஓடிய டூமுக்கு அவை தாராளம். பேட்டரி செத்திருந்தால் சார்ஜரைச் செருகியபடியே ஓட்டலாம்.

இந்த வட்டாரத்தின் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலாண்டு கம்ப்யூட்டர் லேபில் ஒரு பீரியடை இதற்குக் கொடுங்கள். ஃபைல், ஃபோல்டர், பாத், கட்டளை வரி, ஏற்றும் வரிசை, உரிமம் என்று அத்தனையும் ஒரே ஜன்னலில் வருகிறது. மாணவர்கள் தூங்க மாட்டார்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. பையனோ பெண்ணோ விளையாடும்போது உடனே மூடச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து லாஞ்சரைத் திறக்கச் சொல்லுங்கள். 'இதுல எது மெஷின், எது புரோகிராம், எது ஜாப்?' என்று கேளுங்கள். தடுமாறாமல் விளக்கிவிட்டால், உங்கள் பிள்ளை ஆபரேட்டர் நிலையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.